ஆறாத எஞ்சின்

சங்ககிரி மலையின் நிழல் சாயங்காலத்தில் வந்து விழுகிற எங்கள் பட்டறைத் தெருவில் செத்துப்போன லாரி டிரைவர் என்று ஒருத்தர்கூடக் கிடையாது, லைனில் இருப்பவர், லைனிலிருந்து வந்தவர் என்று இரண்டே ஜாதிதான் உண்டு, போனவர் நாற்பதாம் நாள் வந்து இறங்கினாலும் நாலு வருஷமாக வராவிட்டாலும் கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான், "லைன்ல இருக்காருங்க." அந்தப் பதிலை அதிகம் சொன்ன வாய் என்னுடையது, ஏனென்றால் எல்லார் கையிலும் செல்போன் வராத அந்தக் காலத்தில் தெருவிலேயே என் உதிரிபாகக் கடையில் மட்டும்தான் போன் இருந்தது, வடக்கே போன டிரைவர்கள் அதற்குத்தான் பேசுவார்கள், அவர்கள் பெண்டாட்டிகள் அதன் பக்கத்தில்தான் வந்து காத்திருப்பார்கள். என் பெயர் நாச்சிமுத்து. ரேடியேட்டர் ஹோஸ், பேன் பெல்ட், சைலன்சர், கேஸ்கெட் எல்லாம் என்னிடம் கிடைக்கும், சேதி மட்டும் இருந்தால் கிடைக்கும்.

வருகிறவர்கள் உட்கார நான் பெஞ்சு போடவில்லை. போனுக்குப் பக்கத்தில், இரண்டு மரக்கட்டைகளின் மேல், சாக்குப் போட்டு மூடின ஒரு பழைய எஞ்சின் கிடந்தது, அதன் மேல்தான் உட்காருவார்கள். அதிகம் உட்கார்ந்தவள் அத்தாயி. தினமும் நாலு மணிக்கு வருவாள், "போன் ஏதாச்சும் வந்துச்சுங்களாண்ணா?" என்பாள், நான் "லைன்ல இருக்காரு அம்மிணி" என்பேன், அவள் சாக்கின் மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவாள். அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு முதலாளியின் லாரியில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர். ஆளும் திரும்பவில்லை, லாரியும் திரும்பவில்லை, ஜவ்வரிசியும் போய்ச் சேரவில்லை. வண்டியை விற்றுத் தின்றுவிட்டு வடக்கத்திக்காரி ஒருத்தியோடு குடித்தனம் பண்ணுகிறான் என்று முதலாளி டீக்கடை டீக்கடையாகச் சொன்னார், கேட்டவர்களும் சும்மா இருக்கவில்லை, அதற்குக் கண் மூக்கு வைத்து இரண்டு பிள்ளைகளையும் பிறக்க வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் அத்தாயி போனைப் பற்றிக் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, சாக்கை விலக்கி, உள்ளே பார்த்தாள்.

"இந்த இஞ்சினு ஓடுங்களாண்ணா?"

"ஓடும். எதுக்கு அம்மிணி?"

"வேப்பமரத்தடியில அவரு வாங்கிப் போட்ட மூக்கு லாரி நிக்குதில்லீங்களா, அதுல வெச்சுக் குடுங்க. வடக்கு லைனு முச்சூடும் ஒருக்கா போயி, ஒவ்வொரு ஓட்டல்லயும் எறங்கிக் கேட்டுட்டு வந்தர்றேன். இங்க இந்தச் சாக்கு மேல குக்கி உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பு போச்சுங்."

மூக்கு லாரி என்றால் எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து வண்டி, எங்கள் அப்பன் தாத்தன் ஓட்டியது, அதை அழகு பார்க்கவென்றே சென்னியப்பன் வாங்கி, எஞ்சின் வெடித்துப்போய், அப்படியே நிறுத்திவிட்டுப் போயிருந்தார். என்னிடம் கிடந்ததோ மூஞ்சி தட்டையான புது மாதிரி லாரியின் எஞ்சின். வடக்கே எரிந்துபோன வண்டிகளை மொத்தமாக ஏலத்தில் எடுத்து விற்கிறவனிடமிருந்து ஏழு வருஷத்துக்கு முன்னால் வாங்கியது, நம்பர் அடித்த இடத்தை யாரோ உளியால் சிராய்த்திருந்ததால் ஒருத்தரும் தொடவில்லை. தள்ளிவிட ஒரு வழி கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

ராயப்பன் மேஸ்திரி எஞ்சினைச் செயின் போட்டுத் தூக்கி மூக்குக்குள் இறக்கினார், இறக்கின அன்றே தகராறு ஆரம்பித்தது, ஏனென்றால் புது எஞ்சின் கக்குகிற சூட்டுக்குப் பெரிய ரேடியேட்டர் வேண்டும், பழைய மூக்கோ கல்யாணப் பெண்ணின் மூக்கு மாதிரி ஒடுக்கமானது. உள்ளே மூன்று வரிசைச் செம்புக் குழாய் வைத்த கோர் போதும் என்றேன் நான், என்னிடம் அதுதான் இருந்தது. ரேடியேட்டர் பட்டறை சாபுதீன் பாய் சிரித்தார். "வயசானவன் ஒடம்புல வாலிபன் இருதயத்த வெக்கிறீங்க, நெஞ்சுக்கூடு தாங்க வேணாமா? நாலு வரிசை போடுங்க." நாலு வரிசை போட்டால் விசிறி இடிக்கும், விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு விரல் இடமாவது வேண்டும் என்றார் மேஸ்திரி. புகைக்குழாய் அதற்கு மேல் ரோதனை, எஞ்சினின் புகைவாய் நேராக ஸ்டியரிங் பெட்டியின் மேல் வந்து முட்டியது, அதைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோக மூன்று மடக்கு வேண்டும், ஒவ்வொரு மடக்கும் மூச்சை அடைக்கும், மூச்சு அடைத்தால் எஞ்சின் சுடும், எஞ்சின் சுட்டால் ரேடியேட்டர் போதாது. இப்படியே ஒன்பது நாள் பேசிவிட்டு, முதலில் ஓட்டிப் பார்ப்போம் என்று மூன்று வரிசைக் கோரும், நாலு இறக்கை விசிறியும், சைலன்சர் இல்லாத வெறுங்குழாயும் போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, எலுமிச்சம்பழம் நசுக்கி, எஞ்சினை எழுப்பினோம்.

சத்தம் மலையில் மோதித் திரும்பியது. அப்போது குழாய்க்குப் பின்னால் நின்றிருந்த சிந்தாமணி, அவள் வீட்டுக்காரர் அங்கப்பனும் லைனில் இருந்தார், முந்தானையால் மூக்கைப் பொத்தப் போனவள் பொத்தாமல் நின்றாள். பக்கத்தில் இருந்த யாரோ, "உங்க அங்கப்பன் இருந்திருந்தா வேடிக்கை பாத்திருப்பாரு" என்று சொல்லி வாய் மூடவில்லை, குழாயிலிருந்து புகைக்குப் பதிலாக ஆப்பிள் வாசமும் ஈர வைக்கோல் வாசமும் குளிரும் வந்தன. அன்றைக்கு மத்தியானம் அங்கப்பன் போன் பேசினார். இமயமலை அடிவாரத்தில் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு நிற்பதாகச் சொன்னார், நாங்கள் தெரியும் என்றோம்.

அதற்காக யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. எப்படி என்று மேஸ்திரி ஒரு நாள் யோசித்தார், டீசலில் ஏதாவது கலந்திருக்குமா என்று டேங்க்கைத் திறந்து மோந்து பார்த்தார், அதோடு விட்டுவிட்டார். அடுத்த நாளே பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள். பெயரைச் சொன்னால் அந்த ஆள் இப்போது நிற்கிற இடத்தின் வாசம் குழாயில் வரும், மார்பிள் தூசி, நிலக்கரி, துறைமுகத்துக் கருவாடு, கடுகெண்ணெய் தாளிக்கிற ரோட்டோர ஓட்டல். பெண்கள் வடக்கே ஒரு மைல்கூடப் போகாமல் முழு தேசத்தையும் மூக்கால் படித்துக்கொண்டார்கள், சிந்தாமணி கடுகெண்ணெயிலேயே எது பஞ்சாப், எது பீகார் என்று பிரித்துச் சொல்லத் தொடங்கினாள். ஒரே கஷ்டம், எங்கள் பக்கத்துப் பெண்கள் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், "எங்க ஊட்டுக்காரரு" என்று சொன்னால் எஞ்சினுக்கு எந்த ஊட்டுக்காரர் என்று விளங்கவில்லை. அதனால் பக்கத்தில் நிற்பவள் சொல்ல வேண்டும், இவள் வீட்டுக்காரர் பெயரை அவளும் அவள் வீட்டுக்காரர் பெயரை இவளும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். இந்தூரில் லோடுக்குக் காத்திருப்பதாகச் சொன்ன ஒருவர் பெயருக்குப் பவானி ஆற்றுத் தண்ணீர் வாசமும் மல்லிகைப் பூவும் வந்து, அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. லாரி முதலாளிகள், தங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கக் காரில் வந்து குழாய்க்குப் பின்னால் குனிந்தார்கள். டிரைவர்கள் சங்கம் கூடி, இந்த வண்டிக்கு உடனே சைலன்சர் மாட்ட வேண்டும், அப்படி மாட்டாமல் ஓட்டுவது சட்டப்படி குற்றம் என்று ஒரு தீர்மானம் போட்டது, சட்டத்தின் மேல் அவர்களுக்கு அப்படியொரு பக்தி அதற்கு முன் இருந்து நான் பார்த்ததில்லை.

அத்தாயி முதல் நாளே வந்து நின்றாள். நான்தான் அவளுக்காகக் கத்தினேன், "சென்னியப்பன்." எஞ்சின் குலுங்கியது, ஒரு வாசமும் வரவில்லை. மறுபடி கத்தினேன். சூடு காட்டுகிற முள் மற்ற எந்தப் பெயருக்கும் நடுவில் நிற்கும், இந்தப் பெயருக்கு மட்டும் விறுவிறுவென்று ஏறிச் சிவப்பைத் தொட்டது, ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு வெந்நீர் இரண்டு ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது.

"ரொம்ப தூரத்துல இருக்காப்ல, எட்ட மாட்டேங்குது" என்றார் மேஸ்திரி. "தேடித் தேடி இஞ்சினுக்கு மூச்சு வாங்குது."

எங்களுக்கு அது சரியாகவே பட்டது. எட்டவில்லை என்றால் எட்ட வைக்க வேண்டும், கொதிக்கிறது என்றால் ஆற வைக்க வேண்டும், பட்டறைக்காரனுக்கு வேறென்ன தெரியும். மூக்கின் கிரில்லை வெட்டி எறிந்து நாலு வரிசைக் கோர் வைத்தோம், கொதித்தது. நாலு இறக்கை விசிறியைக் கழற்றி ஆறு இறக்கை போட்டு, காற்று சிதறாமல் சுற்றிலும் தகரக் கூடு அடித்தோம், கொதித்தது. சூட்டு வால்வைப் பிடுங்கி எறிவது எங்கள் ஊர் வைத்தியம், எறிந்தோம். தண்ணீர் பம்ப்பை மாற்றினோம், அழுத்தம் தாங்குகிற மூடி வரவழைத்தோம், புகைக்குழாயை இரண்டரை அங்குலத்திலிருந்து மூன்று அங்குலமாக்கி மூன்று மடக்கை ஒன்றாகக் குறைத்தோம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அத்தாயி குளித்து, தலை ஈரம் காயாமல் வந்து நின்றாள், ஒவ்வொரு முறையும் முள் சிவப்புக்குப் போனது, வெந்நீர் பீய்ச்சியது, மோந்து பார்த்த எல்லாரும் உதட்டைப் பிதுக்கினோம். கடைசியில் சாபுதீன் பாய் ஒரு பழைய ஆலை ஜெனரேட்டரின் ரேடியேட்டரைக் கொண்டுவந்தார், கதவு அகலம், அது மூக்குக்குள் அடங்காது, அதை முன்னால் தனியாகக் கட்டி, கிணற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் ஓட விட்டோம். வடக்கே கிளம்ப எல்லாம் தயார், எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவது என்று மட்டும்தான் தெரியவில்லை. வடக்கத்திக்காரியைப் பற்றிப் பேசினவர்கள் இப்போது, அவள் ஊர் தேசத்து எல்லைக்கும் அப்பால் போலிருக்கிறது என்று பேசினார்கள்.

ஒன்றரை மாதம் கழித்துச் சிந்தாமணிதான் சொன்னாள். "ஏனக்கா, நாச்சிமுத்தண்ணன் கத்துனா அந்த மனுசனுக்கு என்ன தெரியும்? நீயே ஒருக்கா சொல்லிப் பாரேன்."

அத்தாயிக்குக் கல்யாணம் ஆகி இருபத்தொரு வருஷம், ரேஷன் கார்டு எடுக்கப் போனபோதுகூட அதிகாரி கேட்டதற்குத் தரையில் எழுதிக் காட்டினவள். குழாய்க்குப் பின்னால் போய் நின்றாள், நாங்கள் தலையைத் திருப்பிக்கொண்டோம், கேட்கக் கூடாததைக் கேட்கப்போகிறோம் என்று எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

"சென்னியப்பன்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் கத்தினதில் ஏறிச் சிவப்பில் நின்ற முள் இறங்கியது. இத்தனை ரேடியேட்டருக்கும் இத்தனை தண்ணீருக்கும் இறங்காத முள், பாதிக்கு வந்து, அதற்கும் கீழே வந்து, ஆறின எஞ்சினுக்குக் காட்டுகிற இடத்தில் நின்றது, எஞ்சின் குலுங்காமல், கட்டிலில் தூங்குகிற ஆள் மூச்சு விடுவதுபோல ஒரே சீராக ஓடியது. நாங்கள் எல்லாரும் குழாய்க்கு ஓடினோம். மோந்தோம். ஒன்றுமில்லை. வெறும் காற்று. சாபுதீன் பாய் இரண்டு தடவை மோந்தார், மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு மோந்தார், கடுகெண்ணெயில் தேசம் பிரிக்கிற சிந்தாமணி மண்டியிட்டு மோந்தாள்.

"வாசமே இல்லீங்க" என்றாள்.

அத்தாயி தலையாட்டிவிட்டுப் போகத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து, டயர் பஞ்சராகித் தெருவில் நின்றிருந்த ஒரு ராஜஸ்தான் லாரியின் டிரைவர், தலைப்பாகை கட்டின பெரியவர், கூட்டத்தைப் பார்த்து வந்தவர், குழாயருகே குனிந்து மோந்துவிட்டு இந்தியில் ஏதோ சொன்னார். வடக்கு லைன் ஓட்டிப் பழகின மேஸ்திரிக்கு அது புரிந்தது, முகம் மாறிவிட்டது.

"என்னுங்க சொல்றாரு?" என்றாள் அத்தாயி.

மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்ணா."

"வாசம் நல்லா வருதேங்கிறாரு. ஈயம் உருக்கற வாசம், கிரீசு, சாக்கு, டீ கொதிக்கறது. இந்தத் தெரு வாசந்தான், இதுல என்ன அதிசயம்னு கேக்கறாரு."

வருஷக்கணக்காக இந்தத் தெருவிலேயே கிடக்கிற எங்களுக்கு இந்தத் தெருவின் வாசம் தெரியாது. காஷ்மீர் ஆப்பிள் தெரியும், ராஜஸ்தான் மார்பிள் தூசி தெரியும், இது தெரியாது. ஒன்றரை மாதமாக ஒவ்வொரு முறையும் அது வந்துகொண்டே இருந்திருக்கிறது, எட்டவில்லை எட்டவில்லை என்று நாங்கள் ரேடியேட்டரை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

"அப்பிடின்னா அவரு இங்கதான் இருக்காருங்களா?" என்று கேட்டு, அத்தாயி தெருவை ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். ஒவ்வொரு பட்டறையின் வாசலையும் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். கடைசியில் பார்வை திரும்பி வந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் நின்றது, அங்கேயே நின்றது, சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"இந்த இஞ்சினு எங்கிருந்துங்ணா வந்துச்சு?"

சொன்னேன். நாகபுரிக்கு அந்தப் பக்கம் எரிந்த நாலு லாரிகள், அதில் ஒன்றின் எஞ்சின். கேபின் இருந்த தடமே இல்லை. எஞ்சின் இடுக்கில் ஏதோ வெள்ளையாக உருகிக் கெட்டியாகி ஒட்டிக்கொண்டிருந்தது, பிளாஸ்டிக் என்று நினைத்துச் சுரண்டிப் போட்டேன். ஜவ்வரிசி காய்ச்சினால் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரனுக்குத் தெரியாதா. எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது உண்மைதான், ஆனால் நம்பர் சிராய்த்த எஞ்சினை யாருடையது என்று கேட்காமல் வாங்கிப் போட்டவன் அதைச் சொல்லத் தனியாக ஒரு வாய் வேண்டும்.

"ஏழு வருசம்" என்றாள் அத்தாயி. வேறு யாரிடமும் இல்லை, எஞ்சினிடம்தான். "உங்க மேலயே குக்கிக்கிட்டு, உங்களயே கேட்டுட்டு இருந்தனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ராஜஸ்தான் டிரைவர் எதுவும் புரியாமல் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு தன் வண்டிக்குப் போய்விட்டார். சிறிது நேரம் கழித்து அத்தாயி மேஸ்திரியைக் கூப்பிட்டு, சைலன்சரை மாட்டிவிடச் சொன்னாள்.

பெண்கள் விடவில்லை. சிந்தாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, எங்க ஆளுங்க இன்னும் லைன்ல இருக்காங்கக்கா. நீ மாட்டிட்டா நாங்க யார்கிட்டக் கேப்போம்?"

"எத்தன பேரத்தான் அவரு தேடுவாரு சிந்தாமணி? போனதுலருந்து அவரத் தேட ஒருத்தரும் வல்லியே. விட்ரு, ஆறட்டும்."

என் கடையிலிருந்தே சைலன்சர் எடுத்துக் கொடுத்தேன், இருப்பதிலேயே பெரியது, உள்ளே மூன்று அறை. மேஸ்திரி வெல்டிங் வைத்தார். அதற்குப் பிறகு எஞ்சின் சத்தம் பத்தடி தள்ளிக் கேட்காது, யார் பெயரைச் சொன்னாலும் டீசல் புகைதான் வந்தது, டிரைவர்கள் சங்கம் தீர்மானத்தை வாபஸ் வாங்கியது. ஜெனரேட்டர் ரேடியேட்டரை பாய் கழற்றிக்கொண்டு போனார், முதலில் போட்ட மூன்று வரிசைக் கோரே போதுமானதாக இருந்தது. வண்டி வடக்கே போகவில்லை, போவதற்கு அங்கே யாரும் இல்லை. வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்ச் சாவியைப் பிடுங்கினார்கள். சாவியைப் பிடுங்கி இத்தனை வருஷம் ஆகியும் அந்த எஞ்சின் ஆறவில்லை, ஐப்பசி மழையில் பானெட்டிலிருந்து ஆவி வரும், தெரு நாய்கள் குளிருக்கு அதன் அடியில்தான் படுக்கும், இன்றைக்கும் போய்த் தொட்டுப் பாருங்கள், சுடும். முதலாளி டீக்கடையில் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவே இல்லை. வடக்கத்திக்காரிக்கு இப்போது மூன்றாவது பிள்ளை பிறந்திருக்கிறது.

சைலன்சர் மாட்டின மறுநாள், நாலு மணிக்கு, அத்தாயி கடைக்கு வந்தாள். பழக்கத்தில் போனுக்குப் பக்கத்தில் போய், உட்காருவதற்குச் சேலையை ஒதுக்கி, பாதி குனிந்துவிட்டாள். அங்கே இரண்டு மரக்கட்டைகளும், தரையில் ஏழு வருஷத்து எண்ணெய்க் கறையும்தான் இருந்தன. நிமிர்ந்தாள். நான் அவசரமாக ஒரு ஸ்டூலை எடுத்து வைத்தேன். அவள் அதில் உட்காரவில்லை, கறையை மிதிக்காமல் தள்ளி நின்றுகொண்டு, தினமும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"போன் ஏதாச்சும் வந்துச்சுங்களாண்ணா?"

அவள் கேட்டது அந்த ஒரு பதிலைத்தான். ஒன்பது வருஷமாக யோசிக்காமல் சொன்ன பதில். வாயைத் திறந்தேன், வரவில்லை. அவள் ஐந்து மணி வரைக்கும் நின்றுகொண்டே காத்திருந்தாள்.